மதினி படித்த மைசெல்ஃப்

மதினியின் வலக்கை ஆட்காட்டி விரல் நான் எழுதிய தாளின் மேல் இருக்கிறது. நகத்தின் ஓரமும் விரலின் உட்பக்கமும் தேயிலைக் கொழுந்தின் கறை ஏறிக் கறுத்திருக்கின்றன. எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அந்த விரலால் என் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மறைத்துக்கொண்டு, "இப்ப வாசிங்க தம்பி" என்கிறார். நான் வாசிக்கிறேன். "வாக்கியம் நின்னுச்சா, விழுந்துச்சா?" என்று கேட்கிறார். துரை வந்து பார்த்தார் என்று நான் எழுதியிருந்தேன். துரைக்குப் பின்னால் ஒரு ஹிம்செல்ஃப் போட்டிருந்தேன். அதை மறைத்தாலும் துரை வந்து பார்த்தார். வாக்கியம் நின்றது. அடுத்த வரியில் ஒரு தொழிலாளி கவ்வாத்துக் கத்தியால் காயப்பட்டிருந்தாள். அங்கிருந்த ஹெர்செல்ஃபை மறைத்ததும், அவள் காயப்படுத்தினாள் என்று மட்டும் மிஞ்சியது. யாரை என்று தெரியவில்லை. வாக்கியம் விழுந்தது. "நின்னா அது அழுத்தத்துக்கு வந்தது. விழுந்தா அது இல்லாம முடியாது. அவ்வளவுதான், இதுக்குப் போய் பயந்துகிட்டு" என்று விரலை எடுத்தார். தாளில் அந்த இடத்தில் பழுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. மறுநாள் காலை ஆபிஸில் அந்தத் தாளை நான் புதிதாகப் பிரதி எடுத்தேன், துரையின் கண்ணில் அந்தத் தடம் பட்டுவிடக் கூடாதே என்று.

இது நடந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கும் ஒரு தோட்டத்தில் அப்போது நான் சின்னக் கிளாக்கர். வேலை உறுதியாகவில்லை. உறுதியானால்தான் குவாட்டர்ஸ் கிடைக்கும் என்பதால் அண்ணனோடும் மதினியோடும் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே இருந்தேன். இரண்டு காம்பராக்கள், ஒரு அடுப்படி, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் வீட்டில் கேட்கிற சுவர். லயத்தில் பிறந்த ஒருவன் ஆபிஸுக்குள் நாற்காலி போட்டு உட்கார்வது எங்கள் டிவிசனில் அதுதான் முதல் தடவை. அதனால் எல்லோருக்கும் என்னைப் பற்றிப் பெருமை. எனக்கு மட்டும் பயம். தோட்டத்தை நடத்தும் துரை ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்புப் பேனாவோடுதான் வாசிப்பார். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். பழைய கோப்புகளைப் பார்த்து எழுதும்போது சமாளித்துவிடுவேன், சொந்தமாக ஒரு வரி எழுதினால் மாட்டிக்கொள்வேன்.

மதினி கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். உயர்தரம் வரை படித்தவர், ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. வந்த மூன்றாம் மாதமே பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு, பின்னேரம் கொழுந்து நிறுவை, பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. நான் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து எடுத்துவரும் தாள்களை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில், அரிசி கொதிக்கும் நேரத்தில் பார்ப்பார். ஒரு பென்சில் துண்டு மட்டும் வைத்திருந்தார். என்னை அவர் அதிகம் கேலி செய்தது மைசெல்ஃப் விஷயத்தில்தான். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் நானும் மலையைப் பார்த்தோம் என்று எழுதும் இடங்களில் எல்லாம், நான் என்ற சொல்லுக்குப் பதிலாக மைசெல்ஃப் என்று போட்டுவிடுவேன். அது கொஞ்சம் பணிவாக, ஆபிஸ் தோரணையாக எனக்குப் பட்டது. மதினி ஒவ்வொரு முறையும் அதை அடித்துவிட்டு 'ஐ' என்று எழுதுவார். "நான்னு சொல்ல என்ன வெக்கம் தம்பி? நீங்கதானே போனீங்க? துரை பங்களா நாயா போச்சு?"

அப்போது அவர் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்கள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. முதலில் எழுத்துப் பரீட்சை, தேறினால் நேர்முகம். வயதெல்லை முப்பது. மதினிக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. இதை விட்டால் இனி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விண்ணப்பத்தை ஆபிஸ் தட்டச்சு இயந்திரத்தில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். படிக்க அவருக்கு நேரமே கிடையாது. அதனால் மலையில் படித்தார். ஒரு செடிக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு கையும் கொழுந்து கிள்ளக் கிள்ள, மைசெல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்ஃப் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரையில் ஏறுவார். எட்டுச் சொல்லும் எட்டுச் செடியில் முடியும். ஒன்பதாவது செடியில் மறுபடியும் மைசெல்ஃப்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? "அடியே மைசெல்ஃபு, ஒன் நிரையில எல கெடக்குது பாரு" என்பார்கள். "இங்கிலீசுல கிள்ளுனா எட கூட வருமோ?" என்று கங்காணி கேட்பார். கொழுந்து லொறி டிரைவர் ஒருநாள் நிறுவைக் களத்தில், "எங்க லொறிக்குத்தான் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. ஒங்க மலையில மட்டும் காலையில இருந்து எடுக்குதாமே" என்று சொல்ல, கூடையை இறக்காமலே எல்லோரும் சிரித்ததாக மதினிதான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பிறகு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "வெள்ளக்காரனுக்கு இதுக்கு எட்டுச் சொல் வேணும் தம்பி. நமக்குப் பாருங்க, கைய வெட்டிக்கிட்டான்னா முடிஞ்சிருச்சு, துரையே வந்தாருன்னா முடிஞ்சிருச்சு. தனியா ஒரு ஆளு தேவையில்ல" என்றார். இலக்கணத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிரவு நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதிவைத்தேன்.

எழுத்துப் பரீட்சையில் அவர் தேறிவிட்டார். அதற்குப் பிறகு நேர்முகக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தொழிலாளியின் பெயர், லய எண், டிவிசன் என்று எழுதி, தோட்டத்து ஆபிஸ் மேற்பார்த்து என்று போட்டு அனுப்புவார்கள். தபால் முழுவதும் ஆபிஸுக்கு வரும். அதைப் பிரித்து, டிவிசன் வாரியாகக் கட்டி, பெரட்டுக் களத்தில் கொடுக்க அனுப்புவது சின்னக் கிளாக்கரின் வேலை. ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். யாருடையது என்று நிச்சயமில்லாத கடிதங்களைச் சுவரோரத்து மரப்பெட்டியில் போட்டுவைப்போம். உரியவர் கேட்டு வந்தால் கிடைக்கும், வராவிட்டால் அங்கேயே கிடக்கும். கல்யாணக் கடுதாசி கல்யாணம் முடிந்த பிறகு எடுக்கப்பட்டதுண்டு. சாவுச் செய்தி எட்டாம் நாள் போனதுண்டு. யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. ஆபிஸில் தேங்கிவிட்டது என்பார்கள், மழை பெய்துவிட்டது என்பதைப் போல.

ஒரு திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு வந்த தபாலில் பதினேழு கடிதங்கள் இருந்தன. பதினான்காவது, கல்வி அலுவலகத்தின் நீள உறை. மதினியின் பெயரும் லய எண்ணும் டிவிசனும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தன.

அந்த வாரம் பெரிய கிளாக்கர் சுகமில்லாமல் லீவில் இருந்தார். கம்பனிக்குப் போகவேண்டிய அரையாண்டு அறிக்கையை என்னை எழுதச் சொல்லியிருந்தார் துரை. பதினொரு பக்கம். புதன் காலையில் மேசையில் இருக்கவேண்டும். "இதை நீ ஒழுங்காகச் செய்தால் உன் வேலையைப் பற்றி எழுதுகிறேன்" என்று சொல்லியிருந்தார். நான் நான்கு பக்கம்தான் முடித்திருந்தேன், அதிலும் மதினியின் பென்சில் இன்னும் படவில்லை. அந்த உறையைக் கண்டால் மதினி மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கந்தப்பளைக்குப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணமாகி வரும்போது பாத்திரம் வரும், சீலை வரும், தையல் மெசின்கூட வரும். படித்த கடுதாசிகளை யாரும் கட்டிக் கொடுப்பதில்லை.

நேர்முகம் என்றால் எப்படியும் இரண்டு வாரத் தவணை கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறை ஒட்டியிருந்தது, உள்ளே என்ன தேதி என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்து, பெயர் தெளிவில்லாதவை கிடக்கும் பெட்டிக்குள் அதைப் போட்டேன். மற்ற பதினாறையும் கட்டி அனுப்பினேன்.

திங்கள் பின்னேரமும் செவ்வாய் பின்னேரமும் மதினி பதினொரு பக்கத்தையும் திருத்தினார். செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மைசெல்ஃப் ஐந்து இடத்தில் வந்திருந்ததை அடித்துவிட்டு, "இந்த மனுசனுக்கு நான்னு எழுத எந்தக் காலத்துலதான் தைரியம் வருமோ" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே, "அவன் சின்ன வயசுலயும் அப்படித்தான். சட்டிய ஒடச்சிட்டு, சட்டி ஒடஞ்சிருச்சும்பான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

புதன் காலை அறிக்கையைத் துரை வாசித்தார். சிவப்புப் பேனா இரண்டே இடத்தில்தான் இறங்கியது. பின்னேரம் நான் பெட்டியிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "மதினி, ஒங்களுக்குக் கடுதாசி. பெட்டியில கெடந்துச்சு" என்று நீட்டினேன்.

அவர் உறையைப் பிரித்தார். நேர்முகம் மறுநாள் வியாழன் காலை ஒன்பது மணிக்கு, நுவரெலியாவில். அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். மதினி கடிதத்தை மடித்தார். பிறகு உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். கடைசி பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

வியாழன் முதல் பஸ்ஸில் அண்ணனும் மதினியும் போனார்கள். ஹற்றன் போய், அங்கிருந்து நுவரெலியா போய், அந்த ஊரில் இறங்காமலே தாண்டிக் கந்தப்பளைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே அவருடைய அப்பா மலைக்குப் போயிருந்தார். பெட்டிச் சாவி அவர் இடுப்பில். அவரைத் தேடிப் பிடித்து, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, திரும்பி நுவரெலியாவில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். பெயர்களைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மேசையில் இருந்த அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். பட்டியல் கொழும்புக்குப் போகிறது, நான் என்ன செய்ய, என்றாராம். வீட்டுக்கு வந்ததும் மதினி நல்ல சீலையை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார். மறுநாள் பெரட்டுக்கும் போனார். மலையில் அதன் பிறகு அவர் வாய்க்குள் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது லயத்துப் பிள்ளைகள்கூட, ஏன் என்று தெரியாமலே, அவரை மைசெல்ஃப் பாட்டி என்கிறார்கள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நான் நம்பினேன். முத்திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அதற்கு வேறு என்ன அர்த்தம்? அந்த நம்பிக்கைக்குள்தான் நான் இருபத்தாறு வருடம் வாழ்ந்தேன். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் எனக்கே கூசுகிறது. மதினி இன்று முகம் பார்க்காமல் தாளைத் தந்தார். மதினி இன்று என் தட்டில் மீன் வைக்க மறந்தார், மறதியா தெரியவில்லை. மதினி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், சொந்தக்காரர்களே கைகொடுக்காத காலம் என்றார், என் காதில் விழட்டும் என்றே சொன்னார். நாள், நேரம், சொல், எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. தண்டனைக்கு ஆளானவன் தன் சிறையின் கற்களை எண்ணுவது போல எண்ணியிருக்கிறேன். அவர் என் தாள்களைத் தொடர்ந்து திருத்தித் தந்ததைக்கூடத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் வேலை உறுதியாகிக் குவாட்டர்ஸ் கிடைத்ததும் தாள் கொண்டுபோவதை நிறுத்தினேன். ஒருநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இப்ப தாளே வர்றதில்ல? எல்லாம் படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிறார் என்று எழுதிவைத்திருக்கிறேன். அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

பிறகு நான் பெரிய கிளாக்கர் ஆனேன். குவாட்டர்ஸின் பின்வாசலில் நின்றால் அவர்களுடைய லயத்துக் கூரை தெரியும். மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. அந்த இரண்டு விண்ணப்பத்தையும், அவர் முன்பு திருத்தித் தந்த தாள்களை மேசையில் விரித்துவைத்து, அவருடைய வாக்கியங்களை மாற்றிப் போட்டுத்தான் எழுதினேன்.

போன மாதம் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி கட்டி டிக்கோயா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பகல், வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் மதினியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த ஆங்கில அறிவிப்பை அவர் உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. அந்த உதட்டசைவை என்னால் தாங்க முடியவில்லை.

"மதினி, அந்தக் கடுதாசி. அது திங்கக்கெழமையே வந்துச்சு" என்றேன்.

எந்தக் கடுதாசி என்று அவர் கேட்கவில்லை. "தெரியுமே. சீல்ல இருந்துச்சே" என்றார்.

இத்தனை வருடப் பாரம் அந்த ஒரு வார்த்தையில் பாதி இறங்கிவிட்டது போல இருந்தது. மீதியையும் இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். "ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்காம இருந்தீங்க. அந்த ரிப்போர்ட்டு முடியட்டும்னு நான்தான் வச்சிருந்தேன் மதினி."

அவர் அறிவிப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"பெட்டியில கெடந்துச்சுன்னீங்க."

"நான்தான் போட்டேன்."

வார்டுக்குள் யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். மதினி மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் வாயைத் திறந்து, மறுபடி மூடினார்.

"ஆபிஸ்ல எப்பவும் தேங்குற மாதிரி தேங்கிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். குரல் உயரவில்லை. "இந்தத் தோட்டத்துல யாருக்குத்தான் தேங்கல? பேரு கொழம்பிப் போயி பெட்டியில கெடந்திருக்கு, தம்பிதான் தேடி எடுத்துக் குடுத்துச்சுன்னு நெனச்சேன். ஒங்க அண்ணன் அன்னைக்குக் கத்துனாரு, ஆபிஸ்லயே இருக்கான், அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்னு. நான்தான் சண்ட போட்டேன். தம்பி இல்லாட்டி அதுவும் வந்திருக்காதுன்னு சொன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்குக் காய்ச்சல்" என்றார். "காய்ச்சலோடதான் ஒங்க தாளப் பாத்தேன்."

பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் எழுந்து உள்ளே போனார். அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினார். நான் கதவருகில் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து, உட்காரடா என்றார். மதினி திரும்பவில்லை. முத்திரையைப் பார்த்துவிட்டு அன்று என்னை அவர் பார்த்த பார்வைக்கு அர்த்தம் இப்போது எனக்கு விளங்கியது. ஏதாவது செய்ய முடியுமா தம்பி என்று கேட்ட பார்வை அது. ஆபிஸில் இருப்பவன், ஒரு வாகனம் ஏற்பாடு செய்யலாம், பங்களாவில் போய்த் துரையைக் கேட்கலாம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அண்ணனைக் கூட்டிவந்த மறுநாள் காலை தபால் வந்தது. தபால் இன்றைக்கும் ஆபிஸுக்குத்தான் வருகிறது. சின்னக் கிளாக்கர் பிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். கடைசியில் மதினி நின்றார், கொழுந்துக் கூடையோடு. இத்தனை வருடத்தில் அவர் அந்த ஜன்னலுக்கு வந்ததே இல்லை. எது வேண்டுமானாலும் குவாட்டர்ஸுக்கு வருவார், இல்லாவிட்டால் குழாயடியில் சொல்லுவார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மதினி ஜன்னலுக்கு வந்தார். மற்றவர்கள் நிற்பது போலவே, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, எனக்குக் கடுதாசி ஏதும் வந்திருக்குங்களா?"

சின்னக் கிளாக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய்த் தபால் கட்டை வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்திரண்டு இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு மலைக்குப் போனார். மறுநாளும் வந்தார். வேலை நாள் ஒன்றுகூடத் தவறாமல் இன்று பதினெட்டாவது நாளாக வந்திருக்கிறார். நானும் எழுந்து போய் இரண்டு தடவை பார்க்கிறேன்.